பேனா மூடியும் ஊசி மூடியும்: ஊசிக்குத்து ஏன் நேர்கிறது, எப்படித் தவிர்ப்பது

ஆஸ்பத்திரியில் யாருக்காவது கையில் ஊசி குத்திவிட்டால் உடனே இரண்டு பேச்சு கிளம்பும். "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமே" என்பது ஒன்று. "எய்ட்ஸ் வந்துடுமோ?" என்பது இன்னொன்று. முதல் பேச்சு குத்துப்பட்டவர் மேல் பழியைப் போடுகிறது. இரண்டாவது பேச்சு அவர் தூக்கத்தைக் கெடுக்கிறது. உண்மையில் ஊசி எப்படிக் குத்துகிறது, அதில் எது ஆபத்து, எது அவ்வளவு ஆபத்தில்லை என்று இரண்டுமே சொல்வதில்லை. இருபது வருட அனுபவமுள்ள நிதானமான ஸ்டாஃப் நர்ஸுக்கும் ஊசி குத்துகிறது. அப்படியென்றால் கவனக்குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

நர்ஸிங் மாணவர்கள், லேப் டெக்னீஷியன்கள், வார்டைக் கூட்டித் துடைப்பவர்கள், வீட்டில் பெரியவர்களுக்கு இன்சுலின் போடுபவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. முன்கூட்டியே எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

## விரலில் மை பட்டது எப்படி?

மைப்பேனாவில் எழுதியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும்: இடது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எப்போதும் மைக்கறை இருக்கும். எழுதுவது வலது கை, கறை மட்டும் இடது கையில். காரணம் மூடி. மூடியை இரண்டு விரலால் பிடித்திருக்கிறோம். அதன் வாய் சிறியது. பேனா முள் அந்த வாயைச் சற்றே தவறவிட்டால், அடுத்து போய் இடிக்கும் இடம் மூடியைப் பிடித்திருக்கும் அதே விரல்தான்.

பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடுவதை வார்டில் 'ரீகேப்' என்பார்கள். அங்கு நடப்பதும் இதுவே. வித்தியாசம், மூடியின் வாய் இன்னும் குறுகலாக இருக்கும், முள் இருந்த இடத்தில் ரத்தம் பட்ட ஊசி இருக்கும். மூடி வாயைத் தவறவிட்டால் விரலில் குத்தும். வாய்க்குள் போனாலும் சாய்வாகப் போனால், மெல்லிய பிளாஸ்டிக் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து குத்தும். மூடி முழுதாக இறங்காமல் தளர்வாக நின்றால், ட்ரேயைத் தூக்கும்போது கழன்றுவிடும். மூடி போட்டாயிற்று என்று நம்பி அடுத்தவர் கையை வைப்பார்.

ஆகவே ரீகேப் செய்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், இரண்டு கையால் செய்யும்வரை ஒரு கை இலக்காகவே இருக்கிறது. தினமும் முப்பது நாற்பது ஊசி போடுபவருக்கு வருடத்தில் ஒருமுறை குறி தவறினாலே போதும்.

## அரிவாள்மணை மடக்காமல் கிடந்தால்

அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது கை வெட்டுப்படுவது குறைவு. கண் அலகின் மேலேயே இருக்கும். அலகை மடக்காமல் அப்படியே விட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போனால்தான் வினை. தவழ்ந்து வரும் குழந்தையோ, அவசரமாக நடப்பவர் காலோ அதில் மாட்டும்.

ஊசிக்கும் இப்படி ஒரு இடைவெளி உண்டு. ஊசி நோயாளியின் உடலிலிருந்து வெளியே வந்த நொடியிலிருந்து, பாதுகாப்பான பெட்டிக்குள் விழும் நொடி வரை உள்ள நேரத்தை இந்தக் கட்டுரையில் 'திறந்த நேரம்' என்று சொல்வோம். அந்த நேரத்தில் நர்ஸின் கண் ஊசியில் இருக்காது. பஞ்சு வைத்து அழுத்த வேண்டும், பிளாஸ்டர் ஒட்ட வேண்டும், ரத்தம் எடுத்த சோதனைக் குழாயில் பெயர் எழுத வேண்டும், பக்கத்துக் கட்டிலில் கூப்பிடுவார்கள். ஊசி கையிலோ ட்ரேயிலோ திறந்தபடி கிடக்கும். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய கணக்கில், பாதிக்கும் மேற்பட்ட குத்துகள் ஊசி தன் வேலையை முடித்த பிறகே நடந்திருக்கின்றன.

சுத்தம் செய்பவர்களுக்கு இந்தத் திறந்த நேரம் இன்னும் நீளம். மெத்தையில் குத்தி மறந்த ஊசி, படுக்கை விரிப்போடு சுருட்டப்பட்ட ஊசி, பிளாஸ்டிக் கழிவு போடும் சிவப்புப் பைக்குள் தவறிப் போன ஊசி, இவை பல மணி நேரம் கழித்து அவர்களைத்தான் குத்தும். யார் உடலில் இருந்த ஊசி என்றுகூட அப்போது தெரியாது. ஊசி போட்டவரின் அரை நிமிட அவசரத்தை அவர்கள் சுமக்கிறார்கள், இது நியாயமில்லை.

இதுவரை: குத்துக்குப் பெரிய காரணங்கள் இரண்டு. இரண்டு கையால் மூடி போடுவது ஒன்று, திறந்த நேரம் நீள்வது மற்றொன்று. தவிர்க்கும் வழிகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைக் குறைப்பவை.

## தையல் ஊசியும் இளநீர்க் குழலும்

தையல் ஊசி குத்தினால் பயப்படுவதில்லை. மருத்துவ ஊசிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு? தையல் ஊசி உள்ளே கெட்டி. அதன் வெளிப்புறத்தில் பட்டதை மட்டுமே அது கொண்டுபோகும். மருத்துவ ஊசி உள்ளே துளையுள்ளது. இளநீர் குடித்துவிட்டுக் குழலை வெளியே எடுத்தால் நுனியில் கொஞ்சம் நீர் நிற்கும். உதறினாலும் முழுதும் போகாது. ரத்தக்குழாயிலிருந்து வெளியே வந்த ஊசியின் துளைக்குள் ரத்தம் நிற்பதும் இதேபோல்தான்.

எவ்வளவு ரத்தம்? சாதாரண ஊசி குத்தினால் கைமாறுவது சுமார் ஒரு மைக்ரோலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 20 சொட்டு என்று வைத்தால், ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் பி வகைக் காமாலைக் கிருமி தீவிரமாகப் பெருகியிருக்கும் ஒருவரின் ரத்தத்தில், அந்த ஐம்பதில் ஒரு பங்குக்குள் லட்சக்கணக்கான கிருமிகள் இருக்க முடியும்.

எல்லா ஊசியும் ஒரே அளவு ஆபத்தில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். 1997-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு, எச்.ஐ.வி. தொற்றிய மருத்துவப் பணியாளர்களையும் தொற்றாதவர்களையும் ஒப்பிட்டது. காயம் ஆழமாக இருந்தது, கருவியில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தது, ஊசி நேரடியாக நரம்பிலோ தமனியிலோ இருந்தது, நோயாளி நோய் முற்றிய நிலையில் இருந்தார் ஆகிய நான்கும் ஆபத்தைக் கூட்டின. (நரம்பு என்று நாம் பேச்சில் சொல்வது சிரை என்னும் ரத்தக்குழாயை.) மருந்து ஏற்றிய 26 எண் ஊசி தசையிலிருந்து வந்ததும், ரத்தம் நிரம்பிய 18 எண் ஊசி சிரையிலிருந்து வந்ததும் வேறு வேறு. ஊசி எண் கூடக்கூட ஊசி மெலியும், துளையும் சிறுக்கும்.

கிளவுஸ் ஊசியைத் தடுக்காது. ஆனால் ஊசி அதைத் துளைத்து வரும்போது வெளிப்புற ரத்தத்தின் ஒரு பகுதியைத் துடைத்துவிடும். துளைக்குள் இருக்கும் ரத்தத்தை ஒன்றும் செய்யாது. "குத்தத்தானே போகிறது, எதற்கு கிளவுஸ்" என்பதும் தவறு, "கிளவுஸ் இருக்கிறதே" என்பதும் தவறு.

## மூன்று கிருமிகள், மூன்று கணக்கு

பி வகைக் காமாலை (ஹெபடைடிஸ் பி): தடுப்பூசி போடாத ஒருவருக்கு, இந்தக் கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. உடலுக்கு வெளியே உலர்ந்த ரத்தத்திலும் இது குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும்.

சி வகைக் காமாலை (ஹெபடைடிஸ் சி): நீண்ட நாளாகச் சொல்லப்பட்ட கணக்கு 100-க்கு சுமார் 2, புதிய கணக்குகள் அதைவிடவும் குறைவு.

எச்.ஐ.வி.: 1000-க்கு சுமார் 3.

எல்லோரும் பயப்படும் கிருமி கடைசியில் நிற்கிறது. யாரும் பேசாத கிருமி முதலில் நிற்கிறது. அந்த முதல் கிருமிக்குத்தான் தடுப்பூசி உண்டு. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று ஊசி. மூன்றாவது போட்டு ஒன்று, இரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது. குறைவாக இருந்தால் மூன்று ஊசியையும் இன்னொருமுறை போடுவார்கள். பலர் ஒன்றோ இரண்டோ போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். அளவு பார்ப்பவர்கள் அதைவிடக் குறைவு. ஊசிக்குத்தால் வரும் நோயைத் தடுக்க இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், இந்த மூன்று ஊசியை முடித்துவிடுங்கள். இந்தியாவின் 2016-ஆம் வருட உயிரிமருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று சொல்கின்றன. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் துப்புரவுப் பணியாளரும் இதைக் கேட்டுப் பெறலாம்.

## எந்தக் கருவியில் எங்கே வினை?

ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றப் போடும் கேனுலாவை வார்டில் 'வென்ஃப்ளான்' என்றே சொல்வார்கள். இதில் இரண்டு பகுதி: உள்ளே தங்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழல், அதை உள்ளே கொண்டுபோய்விட்டு வெளியே வரும் ஊசி. ஆபத்துப் பட்டியலில் இந்த ஊசிதான் முன்னால் வரும்: துளையுள்ளது, சிரைக்குள் இருந்தது, ரத்தம் நிரம்பியது. அதை உருவும் நொடியில் ஒரு கை சிரையை அழுத்திக்கொண்டிருக்கும், ரத்தம் கசியும், பிளாஸ்டர் வேண்டும். ஊசியைக் கட்டில்மேல் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? வைக்கும் இடத்தை முன்னமே தயார் செய்யாதவரை இதற்குப் பதில் கிடையாது.

குழந்தைகளுக்கும் மெல்லிய நரம்புக்காரர்களுக்கும் பயன்படும் பட்டர்ஃபிளை ஊசியின் வால் ஒரு நீளக் குழாய். பாக்கெட்டில் சுருண்டு கிடந்த அந்தக் குழாய், விட்டவுடன் பழைய சுருளுக்குத் திரும்பப் பார்க்கும். வாலைப் பிடித்துத் தூக்கிப் பெட்டியில் போடப் போனால், நுனியில் தொங்கும் ஊசி எந்தப் பக்கம் ஆடும் என்று சொல்ல முடியாது. இறக்கைகளைப் பிடித்து, பெட்டிக்குள் விழும்வரை விடாதீர்கள்.

ரத்தம் எடுக்கும் வேக்யூடெய்னருக்கும் இன்சுலின் பேனாவுக்கும் போடும் ஊசிகளுக்கு இரண்டு முனை. வெளியே தெரியும் முனை நோயாளிக்கு. பின்முனை குப்பிக்குள் போகும். முன்முனையைக் கவனித்துவிட்டுப் பின்முனையில் குத்துப்படுவது சாதாரணமாக நடக்கிறது. வேக்யூடெய்னர் ஊசியை அதன் பிடியிலிருந்து கழற்றாமல் பிடியோடு சேர்த்தே போடுவது இதனால்தான்.

சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ரப்பர் மூடி வழியாகக் குழாய்க்கு மாற்றும்போது, குழாயை இடது கையில் பிடித்திருந்தால் மறுபடி பேனா மூடிக் கதைதான். குழாயை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஒற்றைக் கையால் மாற்றுங்கள். டிரிப் பாட்டிலில் காற்று போகக் குத்தும் ஊசியையும் மறந்துவிடக் கூடாது. அதில் ரத்தம் இருக்காது, ஆனால் பாட்டிலை எடுத்துப் போடுபவருக்கு அது தெரியாது.

## வேலை நடக்கும் விதம்

தவிர்ப்பது ஊசி போடுவதற்கு முன்பே தொடங்குகிறது. முதல் கேள்வி: இந்த ஊசி தேவைதானா? மாத்திரையில் முடிவதை ஊசியில் கேட்கும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. போடாத ஊசி யாரையும் குத்தாது.

போட்டே ஆக வேண்டுமென்றால், ஊசிப் பெட்டியைக் கட்டிலருகே கொண்டுவந்து வையுங்கள். கை நீட்டினால் எட்டும் தூரம், கண்ணுக்குக் கீழ் உயரம், ஊசி பிடிக்கும் கையின் பக்கம். பெட்டி வார்டின் மூலையில் இருந்தால் ஊசி வார்டு முழுக்க நடந்துபோக வேண்டும்; வழியில் குழந்தை ஓடிவரும், கதவு திறக்கும். பஞ்சும் பிளாஸ்டரும் பிரித்துத் தயாராக இருக்கட்டும். அசையக்கூடிய குழந்தை, குழப்பத்தில் இருக்கும் முதியவர் என்றால், பிடித்துக்கொள்ள இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

போட்டு முடித்ததும் மூடி தேடாதீர்கள். ஊசியைச் சிரிஞ்சிலிருந்து கையால் கழற்ற வேண்டாம், வளைக்க வேண்டாம். நேராகப் பெட்டிக்கு. அங்கே ஹப் கட்டர் இருந்தால், அது ஊசியைச் சிரிஞ்சின் கழுத்தோடு வெட்டும்: ஊசி உள்ளே விழும், சிரிஞ்சு சிவப்புப் பைக்குப் போகும். ஊசியும் கூர்மையான எல்லாமும் போக வேண்டியது வெள்ளை நிற, ஒளி ஊடுருவும், துளைக்க முடியாத பெட்டி. முக்கால் பாகம் நிறைந்ததும் பெட்டியை மூடிவிட்டு வேறு பெட்டி வைக்க வேண்டும். அதற்குமேல் போனால் உள்ளே இருக்கும் ஊசிகள் வாய்ப்பக்கம் எட்டிப் பார்க்கும்; புதிதாகப் போடுபவர் அழுத்தித் தள்ளுவார், அப்போது குத்தும்.

சில நேரம் மூடி போட்டே ஆக வேண்டியிருக்கும்: பெட்டி இல்லாத இடம், ஒரே சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் மருந்து. அதற்கு ஒற்றைக் கை முறை. மூடியைத் தட்டையான மேசைமேல் படுக்க வையுங்கள். இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுங்கள். அருகில் இருந்தால் பழக்கத்தில் உதவிக்கு வந்துவிடும். சிரிஞ்சு பிடித்த கையால் ஊசி நுனியை மூடிக்குள் நுழைத்து, கரண்டியால் அள்ளுவதுபோல் நிமிர்த்துங்கள். மூடி ஊசிமேல் நிற்கும். மூடிய முனையை மேசையிலோ சுவரிலோ அழுத்தி, 'டக்' என்று பொருந்தும்வரை தள்ளுங்கள். அதன்பின்தான் இன்னொரு கை வரலாம்.

இதுவரை: பெட்டி ஊசியிடம் வர வேண்டும். மூடி போடாமல் நேரே பெட்டிக்கு. வேறு வழியில்லாவிட்டால் ஒற்றைக் கை.

## 'பூட்டு சிரிஞ்சு' யாரைக் காக்கிறது?

இங்கே ஒரு பெரிய குழப்பம் உண்டு. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் சிரிஞ்சு ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும். திரும்ப இழுக்க முடியாது. அதைப் 'பாதுகாப்பு சிரிஞ்சு' என்று சொல்லிவிட்டு, இது குத்தாது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பூட்டு நோயாளியைக் காக்கிறது: ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சு இன்னொருவருக்குப் போகாமல் தடுக்கிறது. அதன் ஊசி எப்போதும்போல் திறந்தே நிற்கிறது.

ஊசி போடுபவரைக் காக்க வேறு அமைப்பு வேண்டும்: போட்டு முடிந்ததும் ஊசியை உறை மூடுவது, அல்லது ஊசியே சிரிஞ்சுக்குள் இழுக்கப்படுவது. இவற்றிலும் இரண்டு வகை. ஒன்றில் நாம் விரலால் தள்ள வேண்டும், மறந்தால் பயனில்லை. இன்னொன்று தானே நடக்கும். சில கேனுலாக்களில் ஊசியை உருவும்போதே சிறிய உலோகக் கிளிப் நுனியை மூடிவிடும். தானே நடப்பதே மேல், ஏனென்றால் அவசரத்தில் மறப்பது மனித இயல்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த இரு பாதுகாப்பையும் தனித்தனியாகவே பேசுகிறது. அமெரிக்கா 2000-இல் சட்டம் இயற்றி, பாதுகாப்புக் கருவிகளைத் தருவதை முதலாளியின் கடமையாக்கியது.

## வீட்டில் இன்சுலின்

தனக்குத் தானே போட்டுக்கொள்பவருக்குத் தன் ரத்தத்தால் புதிய ஆபத்தில்லை. மருமகளோ மகனோ போட்டுவிடும்போதுதான் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். பேனா ஊசியின் உள்மூடி மிகச் சிறியது. அதைத் திரும்பப் போட முயலவே கூடாது. பெரிய வெளிமூடியை மேசைமேல் நிறுத்தி, பேனாவை ஒரு கையால் அதற்குள் இறக்கி, பொருந்தியபின் திருகிக் கழற்றுங்கள். பின்முனை வெளிமூடிக்குள்ளேயே இருக்கும், ஆனால் வாய்ப்பக்கம் விரல் விடாதீர்கள். ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைத்தால் மருந்து கசியும், காற்றும் உள்ளே போகும். சர்க்கரை பார்க்கக் குத்தும் கருவியை வீட்டில் இருவர் பகிர்ந்துகொள்ளவே கூடாது. பி வகைக் காமாலை பரவ அது வழி.

கழற்றிய ஊசிக்கு, துணி துவைக்கும் திரவம் வந்த கெட்டியான பிளாஸ்டிக் டப்பா நல்லது. தண்ணீர் பாட்டில் மெலிசு, ஊசி துளைத்துவிடும். டப்பாவின் மேல் 'பயன்படுத்திய ஊசி' என்று பெரிதாக எழுதுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி, மற்ற குப்பையோடு கலக்காமல், உங்கள் மருத்துவமனையிலோ குப்பை எடுக்க வருபவரிடமோ இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். அவர் பையை வெறுங்கையால் அழுத்துகிறார்.

## குத்திவிட்டால்

முதலில் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், ஸ்பிரிட்டோ ப்ளீச்சிங் கரைசலோ ஊற்ற வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்குமே தவிர கிருமியை வெளியேற்றாது. கண்ணில் ரத்தம் தெறித்தால் தண்ணீரால் நன்றாக அலசுங்கள்.

அடுத்து, கையில் இருக்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு உடனே மேலதிகாரியிடமும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் சொல்லுங்கள். "டியூட்டி முடிச்சுட்டுப் பாக்கலாம்" என்பது இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரையின் முதல் வேளை 2 மணி நேரத்துக்குள் போனால் நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. கிருமி முதலில் நுழைந்த இடத்துச் செல்களில் இருந்துவிட்டு, பிறகே நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுகிறது. மாத்திரை வேலை செய்வது அந்த இடைவெளியில். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை இந்தியாவில் தருகிறார்கள்: நாளுக்கு ஒன்று, 28 நாள், இடையில் நிறுத்தாமல். நோயாளியின் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு, முடிவு வந்தபின் தொடர்வதா நிறுத்துவதா என்று டாக்டர் சொல்வார். நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்க அவர் சம்மதம் வேண்டும். இந்தத் தடுப்பு மருந்தை ஏற்பாடு செய்வது மருத்துவ நிறுவனத்தின் பொறுப்பு என்று இந்தியாவின் 2017-ஆம் வருட எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பி வகைக்கு, மூன்று ஊசி முடித்து எதிர்ப்புப்பொருள் அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தவருக்கு ஒன்றும் தேவையில்லை. போடாதவருக்குத் தடுப்பூசியும், தயார்நிலை எதிர்ப்புப்பொருளான இம்யூனோகுளோபுலினும், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், உடலின் இரு வேறு இடங்களில் போடுவார்கள். கீழாநெல்லி இதற்கு மாற்றாகாது. சி வகைக்கு முன்தடுப்பு கிடையாது; தொற்றினால் சில மாத மாத்திரையில் பெரும்பாலும் முழுதாகக் குணமாகிறது, அரசின் தேசியத் திட்டத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது.

எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழம், ரத்தம் தெரிந்ததா என்று அன்றே எழுதிவையுங்கள். அன்றைக்கே உங்கள் ரத்தமும் எடுக்கப்படும். பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் மறுபடி. அதுவரை ரத்ததானம் வேண்டாம், உடலுறவில் ஆணுறை வேண்டும், தாய்ப்பால் கொடுப்பவர் டாக்டரைக் கேட்க வேண்டும். மற்றபடி வேலைக்குப் போகலாம், வீட்டில் எல்லோரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.